போக்கிமானை அடியில இருந்து திருத்தச் சொன்னா நான் சண்டையில கை வைக்க மாட்டன்

தம்பி, நீங்க கேட்டதை என்ர வார்த்தையில ஒருக்கா திருப்பிச் சொல்லுறன், பிழையா விளங்கியிருந்தா திருத்துங்கோ. சின்னனில போக்கிமான் எண்ட பிராணி பிடிச்சுச் சண்டைக்கு விடுற கேம் சீரிஸில பழைய ஃபயர்ரெட்டை கம்ப்யூட்டரில விளையாடின ஆள் நீங்க, இப்ப வவுனியாவில அக்காட மகனோட சேந்து அதே சீரிஸில வயலட் விளையாடுறீங்க, 20 மணித்தியாலத்தில உங்களுக்கு அலுத்துப் போச்சு, அவனுக்கு இன்னும் அலுக்கேல்ல. அதால இந்த சீரிஸை திருத்துற வேலையை என்னட்ட தந்தா 1000க்கு மேல இருக்கிற பிராணி இனங்களை வெட்டிக் குறைப்பனோ, மாறி மாறி அடிக்கிற சண்டையை விட்டுட்டு ஓடி ஓடி அடிக்கிறதா மாத்துவனோ, இல்லாட்டி கஷ்டமாக்குவனோ எண்டு மூண்டு வழி போட்டுக் கேட்டிருக்கிறீங்க. மூண்டுக்கும் கீழ சொல்லுறன். ஆனா நான் வாசிச்ச மட்டில உங்கட கேள்வி இன்னும் கொஞ்சம் உள்ளுக்க கிடக்கு. எதைத் தொட்டா இது வேற கேமா போயிடும், இத்தனை வருசமா எதைத் தொடாம விட்டதால இது இப்பிடி சப்பெண்டு போச்சு, இது தான் நீங்க கேக்கிறது.

நான் 12 வருசமா கேம் டிசைன் செய்யிறன், முதல் கொழும்பில, இப்ப திருகோணமலையில வீட்டில இருந்தே. அதில 4 வருசம் மிருகம் பிடிச்சுச் சேக்கிற போன் கேம் ஒண்டில தான் போனது. சனிக்கிழமை பின்னேரத்தில உப்புவெளியில எங்கட வீட்டு விறாந்தையில பத்துப் பன்ரெண்டு பிள்ளையளுக்கு பேப்பரில கேம் செய்யப் பழக்கிறன். நான் வேலை செய்ததெல்லாம் 15, 20 பேர் டீம், பெரிய கொன்சோல் கேம் ஒண்டை உள்ளுக்க நிண்டு பாத்த ஆள் இல்ல. அதால சிஸ்டம் பற்றி நான் சொல்லுறதை தொழில் தெரிஞ்ச ஆள் சொல்லுறதா எடுங்கோ, அவையிட வேலை அட்டவணை, காசு பற்றிச் சொல்லுறதை வெளியால நிண்டு பாக்கிற ஆளிட கருத்தா எடுங்கோ.

நிச்சயமா தெரிஞ்சதில இருந்து தொடங்குவம். 1996 பெப்ரவரி 27 யப்பானில ரெட், கிரீன் எண்டு முதல் ரெண்டு போக்கிமான் கேம் கேம்போய் எண்ட கையில வச்சு விளையாடுற மெஷினுக்கு வந்தது, செய்தது கேம் ஃப்ரீக் எண்ட கம்பனி, அடி யோசனை சதோஷி தாஜிரிட. அவர் சின்னனில பூச்சி பிடிச்சுத் திரிஞ்ச ஆள், பிறகு ரெண்டு கேம்போயை இணைக்கிற கேபிளைப் பாக்கேக்க அதுக்குள்ளால பூச்சி ஒண்டு ஊர்ந்து மற்றப் பக்கம் போற மாதிரி நினைச்சதில இருந்து தான் இது வளந்தது. எங்கட பக்கத்தில பிறந்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, பொன்வண்டை நெருப்புப்பெட்டிக்குள்ள போட்டு வேல இலை வச்சு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன ஆக்கள் தானே நாங்கள். அதில பிடிக்கிறது ஒரு நிமிச வேலை. எந்த மரத்தில, எந்த மாசத்தில, வெயில் ஏற முன்னமா பிறகா எண்டு தெரிஞ்சு வச்சிருக்கிறது தான் முழு விளையாட்டும், அது தெரிஞ்ச பெடியனுக்குப் பின்னால தான் மிச்ச எல்லாரும் போவம்.

இப்ப போக்கிமானில பிடிக்கிறது எப்பிடி நடக்குதெண்டு பாருங்கோ. அடிச்சு உயிரைக் குறைக்கோணும், நித்திரையாக்கோணும் இல்லாட்டி முடக்கோணும், பிராணியை உள்ளுக்க அடைக்கிற பந்தை எறியோணும். உள்ளுக்க ஒவ்வொரு இனத்துக்கும் பிடிபடுற எண் ஒண்டு எழுதிக் கிடக்கு, ஆகக் குறைஞ்சது 3, ஆகக் கூடினது 255, எண் குறையக் குறைய பிடிக்கிறது கஷ்டம், பலசாலி மியூட்டூவுக்கு 3, சின்னப் புழு கேட்டர்பிக்கு 255. மிச்ச உயிர் எவ்வளவு, என்ன பந்து, நித்திரையா முழிப்பா எண்டதை அந்த எண்ணோட சேத்து ஒரு கணக்கு, அவ்வளவு தான். அந்தக் கணக்கு இடையில கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கு, ஆனா கொன்ட்ரோலரைப் பிடிச்சிருக்கிற ஆள் செய்யிற வேலை பெரும்பாலும் மாறேல்ல. அப்ப 1025 இனம் இருக்கெண்டு சொன்னாலும் பிடிக்கிற ஆளுக்கு அது 1025 விதமா இல்ல, ஒரே வேலையை 1025 தரம் செய்யிறது. உங்களுக்கு அலுத்தது இது தான் எண்டு நான் நினைக்கிறன். உங்கட மருமகனுக்கு அலுக்காததுக்குக் காரணம் அவனுக்கு ஒவ்வொரு உருவமும் இப்ப தான் முதல் தரம், அந்தப் புதுசு கொஞ்ச நாளைக்கு எதையும் மூடி மறைக்கும்.

இதுக்கு சாட்சி வேணுமெண்டா நீங்க பிடிச்சதில எது ஞாபகம் இருக்கெண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஆப்ரா கட்டாயம் ஞாபகம் இருக்கும், கண்ட உடன மாயமா மறைஞ்சு போற சாமான், உங்களுக்குக் கிடைக்கிறது ஒரேயொரு தவணை, அதுக்குள்ள நித்திரையாக்கிறதா இல்ல நேர பந்தை எறிஞ்சு பாக்கிறதா எண்டு முடிவெடுக்கோணும். ரூபி, சஃபயர் எண்ட பிந்தின கேமில ஃபீபாஸ் எண்டொரு மீன், 119ஆம் வழியில ஒரு நீட்டு ஆறு, அதில நூற்றுக்கணக்கான தண்ணிக் கட்டம், அதுக்குள்ள 6 கட்டத்தில மட்டும் தான் அது கடிக்கும், இன்னொரு ஊரில சனம் கதைக்கிற பஷன் சொல்லு மாறினா அந்த 6 இடமும் மாறும். நான் ஒரு டிசம்பர் லீவு முழுக்க அந்த ஆத்தில தூண்டில் போட்டனான். உருவத்தைப் பாத்தா கிழிஞ்ச செதிலும் மங்கின நிறமும், ஆனா என்ர பெட்டிக்குள்ள இருந்ததில நான் ஆகக் கவனமா வளத்தது அதைத் தான். அதுக்குப் பிறகு வந்த டயமண்ட், பேர்லில தேன் பூசி வைக்கிற மரம் 21, அதில 4 மரத்தில மட்டும் தான் மஞ்ச்லாக்ஸ் எண்ட பிராணி வரும், எந்த 4 எண்டது ஆளுக்கு ஆள் வேற. இதெல்லாம் கேமிட மூலையில கிடந்த விதிவிலக்குகள். என்ர முழு யோசனையும் இந்த விதிவிலக்கை விதியாக்கிறது தான்.

என்ர சனிக்கிழமைக் குழுவில ஒரு பெடியன், 11 வயசு, தகப்பன் கடலுக்குப் போறவர். ஒருநாள் எல்லாரிட்டயும் சொன்னன், எங்கட ஊரில இருக்கிற ஒரு உயிரை எடுத்து அதை எப்பிடிப் பிடிக்கலாமெண்டு விதி எழுதுங்கோ எண்டு. மிச்ச எல்லாரும் நேர படம் கீறத் தொடங்கீட்டினம், நெருப்புக் கக்கிற திமிங்கிலம், செட்டை வச்ச மான், இப்பிடி. இவன் படமே கீறேல்ல. கணவாய் எண்டு எழுதிப்போட்டு கீழ இருந்து எழுதிக்கொண்டு போனான்: நிலவு இருக்கிற இரவில போய் வேலையில்ல, அமாவாசைப் பக்கத்து இருட்டு வேணும், லைட்டை ஒரே இடத்தில ஆட்டாம அசைக்காமப் பிடிக்கோணும், முதல்ல சின்ன மீன் தான் வரும், அதைப் பிடிக்கக் கூடாது, அந்த மீனைத் தேடித் தான் கணவாய் வரும், வந்தாலும் வெளிச்சத்துக்குள்ள நேர வராது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில நிக்கும், தூண்டிலை அந்த ஓரத்தில போடோணும், வெடுக்கெண்டு இழுத்தா கை கழண்டு போயிடும், தூக்கேக்க முகத்தை மற்றப் பக்கம் திருப்போணும் மை அடிக்கும். ஒரு பக்கம் முழுக்க. ஒரு எண் இல்ல, உயிர் அளவு இல்ல, பந்து இல்ல. நான் 12 வருசத்தில எழுதின டிசைன் பேப்பர் எதிலயும் ஒரு பிராணி இவ்வளவு வடிவா இருந்ததில்ல எண்டு அண்டைக்கு உண்மையா நினைச்சன்.

அப்ப நான் என்ன செய்வன் எண்டா, ஒரு புதுக் கேமுக்கு ஒரு 80 இனத்தை எடுத்து ஒவ்வொண்டுக்கும் அந்தப் பெடியன் எழுதின மாதிரி ஒரு பக்கம் எழுதுவன். எங்க நிக்கும், எப்ப வரும், என்ன தின்னும், எதுக்குப் பயம், எது வந்தா அது பின்னால வரும். சண்டை பிடிச்சு உயிரைக் குறைக்கிறதும் ஒரு வழியா இருக்கட்டும், சில முரட்டு இனங்களுக்கு அது பொருந்தும், ஆனா எல்லாத்துக்கும் அது தான் எண்டு இருக்கக் கூடாது. இது ஏலாத காரியம் இல்ல, கேம் ஃப்ரீக்கே இதுக்குக் கிட்டப் போய் வந்திருக்கு. மெயின் சீரிஸுக்குப் பக்கத்தில தனிக் கிளையா 2022 ஜனவரியில வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸில புல்லுக்குள்ள பதுங்கலாம், சாப்பாடு எறியலாம், பின்னால போய் சண்டையில்லாமலே பந்து எறியலாம், ஒரு இனத்தைப் பற்றி ஒவ்வொண்டா அவதானிச்சா தான் அதிட பக்கம் நிரம்பும். அந்த சீரிஸில எனக்கு ஆகப் பிடிச்சது அது தான். அதில குறை எண்டு நான் காணுறது, பெரும்பாலான இனங்கள் கடைசியில மூண்டு சாதிக்குள்ள வந்திடும், ஓடுறது, பாயுறது, கண்டும் காணாம நிக்கிறது. பத்து மணித்தியாலத்தில அந்த மூண்டையும் பழகீட்டா பிறகு திருப்பியும் அந்த எண் தான்.

நேரமும் காலமும் இந்த சீரிஸுக்குப் புதுசில்ல. 1999இல வந்த கோல்ட், சில்வரிலயே உண்மையான மணிக்கூடு இருந்தது, இரவில வேற பிராணி பகலில வேற பிராணி. 2010இல வந்த பிளாக், வைட்டில மாசத்துக்கு ஒரு பருவம் மாறும், டீர்லிங் எண்ட மான் அந்தப் பருவத்துக்கு ஏத்த மாதிரி நிறம் மாத்தும். எங்கட கரையில வாடைக் காத்து தொடங்கினா நிலாவெளிப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மீன் மாறும், தொழில் மாறும், கரையில நிக்கிற ஆக்களே மாறுவினம், அப்பிடி ஒரு ஊரை இண்டைக்கு இருக்கிற மெஷினில செய்யலாம். ஒரு கவனம் மட்டும் வேணும். உண்மை மணிக்கூட்டை மட்டும் நம்பிச் செய்தா பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் விளையாட விடுற வீட்டுப் பிள்ளை இரவுப் பிராணி எதையும் காணாது. என்ர குழுவிலயே அப்பிடி மூண்டு பேர். ஆர்சியஸில கூடாரத்தில படுத்து விடியவோ இரவாகவோ எழும்பலாம், அது நல்ல வழி, அதை வச்சிருப்பன்.

எண்ணிக்கை விசயம். 2019இல வந்த சோர்ட், ஷீல்டில பழைய கேமில இருந்த எல்லாத்தையும் கொண்டு வர ஏலாது எண்டு சொன்னவை, சனம் கொதிச்சது. கணக்கைப் பாத்தா அவையில பிழையில்ல. 151 இனத்தில ஒண்டோட ஒண்டை மோத விட்டா 11,325 சோடி, 1025இல அது 5,24,800. நெருப்பு, தண்ணி மாதிரி வகை 18, ஒரு பிராணிக்கு ஒண்டோ ரெண்டோ இருக்கலாம், ஒற்றையும் இரட்டையுமா சேத்தா 171 விதம். இவ்வளவையும் சமநிலையில வச்சிருக்க எந்த டீமாலயும் ஏலாது, ஒவ்வொண்டுக்கும் உருவம், அசைவு, சத்தம் வேற. அதால வெட்டினது சரி எண்டு தான் சொல்லுவன், ஆனா எப்பிடி வெட்டுறது எண்டதில நானே ஒரு பெரிய பிழை விட்ட ஆள். நான் முன்னம் வேலை செய்த ஒரு கம்பனியில எங்கட கேமில சேந்து போன பிராணிகளைப் பாதியா குறைக்கோணும் எண்டு முடிவு வந்தது, எதை எடுக்கிறது எண்ட பட்டியலைப் போட்டது நான். ஆக்கள் எதைக் கூடப் பாவிக்கினம் எண்ட டேட்டாவை வச்சு கடைசியில நிண்டதையெல்லாம் எடுத்தன், பதிலுக்கு கேம் காசு குடுத்தம். அடுத்த நாள் ஒரு பொம்பிளை எழுதியிருந்தா, செத்துப்போன தன்ர நாயிட பேரை ஒண்டுக்கு வச்சிருந்தவவாம், அதைச் சண்டைக்கு விடுறேல்லயாம், இரவில ஒருக்கா திறந்து பாத்திட்டுப் படுப்பாவாம். டேட்டாவில அது பாவிக்காத பிராணி. அந்த மெயிலுக்கு என்னால பதில் எழுத ஏலாமப் போச்சு.

அதுக்குப் பிறகு நான் சொல்லுற விதி இது. சண்டைப் பட்டியலில இருந்து எதையும் எடுக்கலாம், ஆளிட கையில இருந்து எடுக்கக் கூடாது. 80 இனம் தான் காட்டில திரியும், அதுகளுக்குத் தான் முழுப் பக்கம் எழுதுவன், மிச்சம் எல்லாத்தையும் ஒரு தோட்டம் மாதிரி இடத்தில நீங்க கொண்டு வந்து விடலாம், அங்க அது நடக்கும், படுக்கும், உங்களைக் கண்டா திரும்பிப் பாக்கும். சண்டை இல்லாட்டி சமநிலைக் கணக்கும் இல்ல, அடிக்கிற அசைவுகளும் தேவையில்ல, வேலை பல மடங்கு குறையும். இப்ப 2020இல வந்த போக்கிமான் ஹோம் எண்ட செயலியில பழசுகளை வைக்கலாம் தான், ஆனா அது வங்கி மாதிரி, வரிசையா அடுக்கி வச்சிருக்கும், அதுகளோட இருக்க ஏலாது.

சண்டைக்கு வாறன், சுருக்கமா சொல்லுறன். மெயின் சீரிஸில மாறி மாறி அடிக்கிறதை நான் தொட மாட்டன். 2025 ஒக்டோபரில வந்த லெஜண்ட்ஸ் இசட்-ஏயில ஓடி ஓடி அடிக்கிற சண்டை செய்து பாத்திருக்கினம், தனிக் கிளையா அது நல்லா இருக்கும். ஆனா கை வேகம் இல்லாத பிள்ளையும் யோசிச்சு வெல்லலாம் எண்டது இந்த கேமிட அடிப்படை மரியாதை. உத்தியோகபூர்வப் போட்டியெல்லாம் கனகாலமா ரெண்டுக்கு ரெண்டு சண்டையில தான் நடக்குது, கதைக்குள்ள மட்டும் ஏன் ஒண்டுக்கு ஒண்டிலயே நிக்கிறது, அதை மாத்தினாலே சண்டை பாதிக்கு மேல உசாராகும். கஷ்டம் விசயத்தில, அனுபவப் புள்ளி எல்லாருக்கும் தானா பிரியிறதை நிப்பாட்டுற பட்டன் ஒண்டைத் திருப்பித் தந்தா உங்கட அலுப்பில ஒரு பகுதி போகும். மற்றது ஸ்கார்லெட், வயலட்டில எங்கயும் போகலாமெண்டு விட்டவை, ஆனா வெண்டா பட்ஜ் தாற ஜிம் தலைவர்களிட லெவலை பூட்டி வச்சிட்டினம், பூச்சி ஜிம்மில 15, பனி ஜிம்மில 48, அப்ப விரும்பின வரிசையில போறதெண்டது பேருக்குத் தான். தலைவர் ஒவ்வொருத்தருக்கும் மூண்டு நாலு டீம் எழுதி வச்சு உங்களிட்ட எத்தனை பட்ஜ் இருக்கெண்டு பாத்து எடுக்க வைப்பன். காட்டுப் பிராணியளிட லெவலை மட்டும் ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தக் கூடாது. கடல் எங்களைப் பாத்து ஆழம் குறையிறதில்ல, போகக் கூடாத இடம் எண்டு ஒண்டு இருந்தா தான் ஒருநாள் அங்க போறது பெரிய விசயமா இருக்கும்.

பிராணியளை ஆளுக்காள் மாத்திக் கொள்ளுறதைப் பற்றி நீங்க கேக்கேல்ல, ஆனா எனக்கு இது பிடிக்கிறதுக்கு அடுத்தபடி முக்கியம். முதல் கேமை தனி ஆளா முடிக்க ஏலாத மாதிரித் தான் செய்தவை. தொடக்கத்தில தாற மூண்டு பிராணியில ஒண்டைத் தான் எடுக்கலாம், பழைய பிராணி உறைஞ்ச ரெண்டு கல்லில ஒண்டைத் தான் எடுக்கலாம், ஒரு கேமில இருக்கிறது மற்றதில இல்ல, கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹோண்டர் எண்ட நாலு பிராணியும் இன்னொரு ஆளிட கைக்குப் போனா தான் அடுத்த உருவம் எடுக்கும். நான் இதை விளையாடினது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஒரு நெட் கபேயில எமுலேட்டரில, அதாவது கேம்போய் கேமை கம்ப்யூட்டரில ஓட்டுற சொஃப்ட்வெயரில, கேபிளும் இல்ல மற்ற ஆளும் இல்ல, என்ர கடாப்ரா கடைசி மட்டும் கடாப்ராவாவே இருந்தது. அதால ரெண்டு பக்கமும் எனக்கு விளங்கும். 2006க்குப் பிறகு இன்டர்நெட்டில யாரெண்டே தெரியாத ஆளோட மாத்தலாம் எண்டு வந்தது, கதவு திறந்தது நல்லம், ஆனா முன்னால இருக்கிற கூட்டாளி தேவையில்லாமப் போனான். நான் செய்யிறதெண்டா மாத்திற சாமான் பிராணியா மட்டும் இருக்காது, தகவலும் இருக்கும். உங்கட உலகத்தில கணவாய் வாற கரை வேற, என்ர உலகத்தில வேற, ஆனா ரெண்டு பேரும் குறிச்சு வச்சதை ஒண்டா வச்சுப் பாத்தா தான் மூண்டாவது ஒரு கரை எங்கயெண்டு தெரியும். தனியா இருக்கிற பிள்ளைக்கு நீண்ட வழி ஒண்டு கட்டாயம் இருக்கோணும், ஆர்சியஸில அந்த நாலையும் தனியா வளக்க ஒரு கயிறு தந்த மாதிரி.

இதெல்லாம் நடக்குமோ எண்டா, இதில இருந்து நான் சொல்லுறது வெறும் கருத்து. ஸ்கார்லெட், வயலட் 2022 நவம்பரில வரேக்க படம் திக்கித் திக்கி ஓடினது, ஆக்கள் சுவருக்குள்ளால போச்சினம், அப்பிடியிருந்தும் முதல் 3 நாளில 1 கோடி வித்தது. அப்பிடி விக்கிற சாமானை அடியில இருந்து மாத்தச் சொல்லி கம்பனிக்குள்ள யாரும் கேக்கிறது கஷ்டம், அதோட கேம், கார்ட்டூன், அட்டை, பொம்மை எல்லாம் ஒரே நேரத்தில வரோணும், ஒண்டு பிந்தினா எல்லாம் பிந்தும். அதால மெயின் சீரிஸில சண்டை அப்பிடியே நிக்க, லெஜண்ட்ஸ் கிளையில இப்பிடிப் பிடிக்கிறதை வளத்து, பிறகு மெல்ல மெல்ல இங்கால கொண்டு வாறது தான் நடக்கக் கூடிய வழியெண்டு எனக்குப் படுது. 80 எண்ட எண்ணிலயும் நான் பிடிவாதமா இல்ல, எங்கட அளவு டீமில ஒரு இனத்துக்கு முழுப் பக்கம் எழுதி சோதிச்சு முடிக்க ரெண்டு கிழமை போகும், அதை வச்சுப் போட்ட எண் அது.

உங்கட மருமகனோட ஒரு வேலை செய்து பாருங்கோ. வயலட்டை மூடி வச்சிட்டு அவனுக்குத் தெரிஞ்ச ஒரு உயிரை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு அவனையே எழுதச் சொல்லுங்கோ, குளத்துக் கொக்கோ வீட்டுப் பல்லியோ எதெண்டாலும் சரி. அண்டைக்குச் செட்டை வச்ச மான் கீறின பிள்ளை, கணவாய்ப் பக்கத்தை வாசிச்சிட்டு அடுத்த கிழமை செட்டையை அழிச்சுப்போட்டு வந்தா. டவுணுக்குள்ள கடை வாசல் மட்டும் வாற எங்கட புள்ளிமான், பின்னேரம் குப்பை போடுற நேரத்துக்கு வரும், பாண் துண்டு நீட்டினா கிட்ட வரும், ஆனா பிடிபடாது. முதல்ல அதிட வாயில தொங்கிற சொப்பிங் பேக்கை மெதுவா இழுத்து எடுக்கோணுமாம், அவசரப்பட்டு இழுத்தா அது பேக்கையும் விழுங்கிக்கொண்டு ஓடிப் போயிடுமாம், எடுத்து முடிச்சா பந்தே தேவையில்லயாம், தானா பின்னால வருமாம். வாற சனிக்கிழமை அதைத் தான் பேப்பரில விளையாடிப் பாக்கப் போறம்.